பெர்லினின் தட்டச்சுப் பெண்கள்

நாஜி ஆட்சியின் கீழ் வாழ்ந்த பெண்களை வைத்து வரும் உளவு நாவல் எது கண்ணில் பட்டாலும் படித்துவிடுவேன். கடந்த சில ஆண்டுகளாக ஆங்கிலத்தில் இவை வந்து குவிகின்றன. அட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். முதுகு காட்டி நிற்கும் ஒரு பெண், சிவப்புக் கோட்டு, தூரத்தில் ஈஃபிள் கோபுரம், வானத்தில் போர் விமானங்கள். உள்ளே போனால் பாராசூட், கள்ளப் பாஸ்போர்ட், விஷக் குப்பி, அப்புறம் ஜெர்மன் அதிகாரியின் விருந்தில் ஒரு நடனம். கீழே வைக்க மனம் வராது. ஆனால் படித்து முடித்ததும் ஒரு குறை மிஞ்சுகிறது. இந்தக் கதைகளின் நாயகி பெரும்பாலும் வெளியிலிருந்து வருகிறவள். வேலை முடிந்தால் திரும்பிப் போக அவளுக்கு ஒரு நாடு இருக்கிறது. அந்த ஊரிலேயே இருந்தவள், ரேஷன் அட்டையோடு வரிசையில் நின்றவள், "ஹைல் ஹிட்லர்" என்ற பக்கத்து வீட்டுக்காரருக்குத் தானும் அதையே சொல்லிவிட்டு மாடிப்படி ஏறியவள், அவள் எங்கே?

வெளியிலிருந்து வந்தவர்களைக் குறைத்துப் பேசவில்லை. 1943 ஜூனில் ஒரு சிறு விமானத்தில் பிரான்சில் இறக்கப்பட்ட நூர் இனாயத் கானை நினைத்தால் இன்றும் நெஞ்சு கனக்கிறது. பிரிட்டன் பிரான்சுக்கு அனுப்பிய முதல் பெண் வயர்லெஸ் இயக்குநர் அவர். தந்தை வழியில் திப்பு சுல்தானின் வம்சம். 1799-க்குப் பிறகு திப்புவின் பிள்ளைகள் சிறைவைக்கப்பட்டது நம் வேலூர்க் கோட்டையில்தான். நூர் புத்த ஜாதகக் கதைகளைக் குழந்தைகளுக்காக எழுதியவர். 1944 செப்டம்பர் 13 அன்று டாஹாவ் முகாமில் சுட்டுக் கொல்லப்பட்டபோது வயது 30. இவரைப் பற்றி எத்தனை நாவல் வந்தாலும் தகும். ஆனால் இவருக்குப் பயிற்சி இருந்தது, ரகசியப் பெயர் இருந்தது, பின்னால் ஓர் அமைப்பு இருந்தது. பெர்லினில் இருந்த பெண்களுக்கு இதெல்லாம் கிடையாது. அவர்களிடம் இருந்தது ஒரு வேலை, ஒரு வாடகை வீடு, பல நேரங்களில் ஒரு தட்டச்சுப் பொறி.

நான் ஒரு நீதிமன்றத்தின் நகல் பிரிவில் நெடுங்காலம் தட்டச்சராக இருந்தவள். அதனால் இந்தக் கடைசிப் பொருளில் என் கண் போய் நிற்கிறது. ஓர் அலுவலகத்தில் என்ன நடக்கப் போகிறது என்பது அங்கிருக்கும் பல அதிகாரிகளுக்கு முன்பே தட்டச்சருக்குத் தெரிந்துவிடும். புதிதாகப் போட்ட கார்பன் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் சற்று முன் அடித்த கடிதத்தைப் படித்துவிடலாம். ஒவ்வொரு பொறிக்கும் தனிக் கையெழுத்தும் உண்டு. ஒன்றில் ஓர் எழுத்து அரை நூல் கீழே இறங்கும், இன்னொன்றில் ஓர் எழுத்தின் வால் தேய்ந்திருக்கும். ஒரு பக்கத்தைக் காட்டினால் எந்த மேஜையில் அடித்தது என்று சொல்லிவிட முடியும். நாஜிகளின் ரகசியப் போலீசான கெஸ்டபோவுக்கும் இது தெரிந்திருந்தது. தெரிந்தும் பெர்லினில் சில பெண்கள் இரவில் கதவைச் சாத்திக்கொண்டு தட்டச்சு செய்தார்கள். என்னைப் பொறுத்தவரை அந்தக் காலத்தின் உண்மையான உளவுக் கதை அந்த அறைகளில்தான் நடந்தது.

நாஜி உளவுத்துறை "சிவப்பு இசைக்குழு" என்று பெயர் வைத்த வட்டத்தைப் பற்றிச் சொல்கிறேன். வயர்லெஸ் இயக்குகிறவரை அவர்கள் பியானோக்காரர் என்பார்கள், அவர்கள் சேர்ந்தால் இசைக்குழு, மாஸ்கோவுக்குச் செய்தி போவதால் சிவப்பு. பெயர் வேட்டையாடியவர்கள் கொடுத்தது. உள்ளே இருந்தவர்கள் தங்களை அப்படி ஒருபோதும் அழைத்துக்கொண்டதில்லை. பொருளாதார அமைச்சகத்தில் அதிகாரியாக இருந்த ஆர்விட் ஹார்னாக், விமானப்படை அமைச்சகத்தில் இருந்த ஹாரோ ஷுல்ட்ஸ்-பாய்சன், இவர்களின் மனைவிமார், நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள் என்று பரவிய வட்டம் அது. எழுத்தாளர்கள், பல் மருத்துவர், குயவர், மாணவர்கள், தொழிலாளர்கள், கத்தோலிக்கர்கள், கம்யூனிஸ்டுகள் எல்லாரும் இருந்தார்கள். ஜெர்மனியின் மற்ற எதிர்ப்புக் குழுக்களோடு ஒப்பிட்டால் இதில் பெண்கள் மிக அதிகம். ஆர்விட்டின் மனைவி மில்ட்ரெட்டிலிருந்து தொடங்கலாம்.

மில்ட்ரெட் அமெரிக்காவின் மில்வாக்கியில் 1902-இல் பிறந்தவர். விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் படிக்க வந்த ஆர்விட்டை 1926-இல் மணந்து, 1929-இல் ஜெர்மனிக்குப் போனார். பெர்லின் பல்கலைக்கழகத்தில் அமெரிக்க இலக்கியம் கற்பித்தார். 1932-இல் அந்த வேலை போனது. பிறகு வேலை பார்த்துக்கொண்டே படிக்கும் பெரியவர்களுக்கான மாலைப் பள்ளியில் ஆசிரியை. இந்த மாலைப் பள்ளி எனக்கு முக்கியமாகப் படுகிறது. பகலில் உழைத்துவிட்டு இரவில் நாவல் படிக்க வருகிறவர்களிடம் ஓர் ஆசிரியை எதைப் பேசலாம், எதுவரை பேசலாம், யார் முகத்தில் என்ன மாறுகிறது என்று பார்த்துப் பார்த்து ஆள் சேர்க்கிறார். அந்த மாணவர்களில் சிலர் பின்னாளில் அவரது வட்டத்துக்குள் வந்தார்கள்.

பெர்லினில் இருந்த அமெரிக்கத் தூதரக அதிகாரி டொனால்ட் ஹீத்தின் பதினோரு வயது மகன் மில்ட்ரெட்டின் வீட்டுக்குப் பாடம் படிக்க வருவான். ஆங்கில இலக்கியப் பாடம் நடக்கும். அவன் கிளம்பும்போது முதுகுப் பையில் ஒரு தாள் சேர்ந்திருக்கும். ஆர்விட் தன் அமைச்சகத்தில் பார்த்த பொருளாதாரத் தகவல்கள் இப்படி அமெரிக்கத் தூதரகத்துக்குப் போயின. 1940 செப்டம்பரிலிருந்து சோவியத் தரப்போடும் ஆர்விட்டுக்குத் தொடர்பு வந்தது. நாவலாசிரியர் யாராவது இந்தப் பையனைத் தொட்டால் உடனே அவனைத் தெருவில் ஓடவிட்டு, பின்னால் கறுப்புக் கார் ஒன்றை அனுப்பிவிடுவார்கள். எனக்கு அந்த ஓட்டம் வேண்டாம். பாடம் நடக்கும் ஒரு மணி நேரம் வேண்டும். ஒரு குழந்தையின் பையில் மரண தண்டனைக்குரிய தாளை வைத்துவிட்டு, வாசல்வரை வந்து அவனை அனுப்பிவிட்டு, திரும்பி உள்ளே வந்து மில்ட்ரெட் என்ன செய்தார்? அதை எழுதத்தான் புனைவு வேண்டும். ஆவணத்தில் அது இருக்காது.

அந்த ஊர் எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்தால்தான் இதன் கனம் புரியும். நாற்பது ஐம்பது வீடுகளுக்கு ஒரு கட்சிக்காரர் பொறுப்பு. யார் கொடி ஏற்றவில்லை, யார் நன்கொடை தரவில்லை, யார் வீட்டுக்கு யார் வருகிறார்கள் என்பதெல்லாம் அவர் குறிப்பில் ஏறும். போர் தொடங்கிய 1939 செப்டம்பர் 1 அன்றே வெளிநாட்டு வானொலி கேட்பது குற்றமாக்கப்பட்டது. தொலைபேசி வழியாக ஒட்டுக் கேட்கிறார்கள் என்று நம்பிப் பலர் அதன்மேல் தலையணையைப் போட்டு மூடிவிட்டுத்தான் பேசுவார்கள். இத்தனைக்கும் கெஸ்டபோவின் ஆள்பலம் நாம் கற்பனை செய்கிற அளவு பெரிதல்ல. அதற்கு வந்த வழக்குகளில் பெரும்பங்கு அக்கம்பக்கத்தார், உடன் வேலை பார்த்தவர்கள், சில வேளைகளில் சொந்தக் குடும்பத்தினர் கொடுத்த புகாரில் தொடங்கியவை. கணவன்மேல் உள்ள கோபத்தில் மனைவியும், வீட்டைக் காலி செய்ய வைக்க உரிமையாளரும் போய்ச் சொன்ன கோப்புகள் இருக்கின்றன. அப்படிப்பட்ட ஊரில் நாவலின் எதிரியைத் தேடித் தோல் கோட்டுப் போட்ட கெஸ்டபோக்காரனிடம் போக வேண்டியதில்லை. எதிர் வீட்டுச் சன்னலே போதும்.

சரி, தட்டச்சுக்கு வருகிறேன். மரியா டெர்வீல் என்று ஒருவர். 1910-இல் பிறந்தவர், சட்டம் படித்தவர். தாய் யூத வம்சம் என்பதால் வழக்கறிஞர் ஆகும் வழி அடைபட்டது. ஒரு ஜவுளி நிறுவனத்தில் செயலராக வேலைக்குப் போனார். பக்தியுள்ள கத்தோலிக்கர். 1941 கோடையில் மூன்ஸ்டர் நகரின் ஆயர் காலென், மனநோயாளிகளையும் ஊனமுற்றவர்களையும் அரசு கொல்கிறது என்று பிரசங்க மேடையில் வெளிப்படையாகச் சொன்னார். அந்தப் பிரசங்கத்தை எந்தப் பத்திரிகையும் போடாது. மரியா அதைத் தன் பொறியில் அடித்தார், நகல் நகலாக. குழு எழுதிய துண்டறிக்கைகளையும் அவர் அடித்தார். ஒளிந்து வாழ்ந்த யூதர்களுக்கு அடையாளச் சீட்டும் ரேஷன் அட்டையும் தேடிக் கொடுத்தார். பிரசங்கம் ஒன்று பல பக்கம் வரும். கார்பன் வைத்து அடித்தால் நாலைந்து படிகளுக்குமேல் எழுத்து மங்கிவிடும், மறுபடி முதல் வரியிலிருந்து தொடங்க வேண்டும். அந்தச் சத்தம் சுவரைத் தாண்டும். தட்டச்சு செய்தவர்களுக்குத் தெரியும், மெதுவாக அடித்தால் கார்பன் பதியாது. சத்தம் வராமல் நகல் எடுக்க வழியே கிடையாது.

இதே போன்ற நுணுக்கம் மூனிக் பல்கலைக்கழக மாணவி சோஃபி ஷோலிடமும் உண்டு. ஹிட்லரை எதிர்த்த வெள்ளை ரோஜா மாணவர் குழுவின் துண்டறிக்கைகளுக்குக் காகிதமும் உறையும் தபால் தலையும் வேண்டும். ஒரே கடையில் அத்தனையும் வாங்கினால் சந்தேகம் வரும். அதனால் இங்கே கொஞ்சம் அங்கே கொஞ்சம் என்று வேறு வேறு இடங்களில் வாங்கினார்கள். அந்தக் காலத்தில் நிறையத் தபால் தலை கேட்பதே துணிச்சலான செயல். சோஃபியைப் பற்றிச் சொல்லும்போது எல்லாரும் பல்கலைக்கழக மாடியிலிருந்து தாள்கள் பறந்த, அவர் பிடிபட்ட அந்த 1943 பிப்ரவரி 18-க்குத் தாவிவிடுகிறார்கள். அதற்கு முந்தைய வாரங்களில் அஞ்சல் அலுவலகச் சன்னல் முன்னால் அவர் நின்ற நிமிடங்களை யாராவது எழுத வேண்டும் என்பது என் ஆசை.

உளவு நாவல் என்றாலே வயர்லெஸ் இல்லாமல் முடியாது. இருட்டறை, காதில் கருவி, சங்கேத ஒலி. பெர்லின் குழுவுக்கும் 1941 ஜூனில் சோவியத் தரப்பு வயர்லெஸ் கருவிகளைக் கொடுத்தது. உருப்படியாகப் போய்ச் சேர்ந்தது ஒரே ஒரு சோதனைச் செய்தி: "நண்பர்கள் அனைவருக்கும் ஆயிரம் வணக்கங்கள்." அவ்வளவுதான். அதன் பிறகு கருவி வேலைக்கு ஆகவில்லை. ஹிட்லர் சோவியத் யூனியனைத் தாக்கப் போகிறார் என்ற ஹாரோவின் எச்சரிக்கை அதற்கு முன்பே மாஸ்கோ போனது. ஸ்டாலின் அந்த அறிக்கையின் மேல் ஒரு வசைச்சொல்லை எழுதி, இது திசைதிருப்பும் பொய் என்று தள்ளிவிட்டார். பிறகு 1941 ஆகஸ்டில் மாஸ்கோ, பிரஸ்ஸல்ஸில் இருந்த தன் ஆளுக்கு அனுப்பிய செய்தியில் பெர்லின் நண்பர்களின் முகவரிகளையே போட்டது. 1942 கோடையில் ஜெர்மானியர் அந்தச் சங்கேதத்தை உடைத்துப் படித்தார்கள். இத்தனை பேரின் கழுத்து போனது அந்த ஒரு செய்தியால். பெண்கள் ஆண்டுக்கணக்காகக் கட்டிக் காத்த ரகசியத்தைத் தலைமையகம் ஒரு செய்தியில் கொடுத்துவிட்டது. இதை நினைக்கும்போது எனக்குக் கோபம் வருகிறது, இன்றும்.

லிபெர்டாஸ் ஷுல்ட்ஸ்-பாய்சனைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டும். ஹாரோவின் மனைவி. பிரபு குடும்பத்துப் பெண், பேரழகி, பாட்டுப் பாடுவார், அக்கார்டியன் வாசிப்பார். ஹாலிவுட் நிறுவனமான எம்ஜிஎம்-மின் பெர்லின் கிளையில் பத்திரிகைத் தொடர்பு வேலை பார்த்தவர். நாவல்காரர்களுக்கு இதற்குமேல் என்ன வேண்டும்? ஆனால் அவர் செய்த முக்கியமான வேலை ஓர் அலுவலக மேஜையில் நடந்தது. 1941-இல் பிரச்சார அமைச்சகத்தின் கீழ் இருந்த கல்விப்படத் துறையில் சேர்ந்தார். கிழக்குப் போர்முனையிலிருந்து சிப்பாய்கள் எடுத்த புகைப்படங்கள் அவர் மேஜைக்கு வந்தன. குழிக்கு முன்னால் நிற்க வைத்த மனிதர்கள், தூக்கில் தொங்கும் உடல்கள், பக்கத்தில் நின்று சிரிக்கும் சீருடைகள். லிபெர்டாஸ் அந்தச் சிப்பாய்களிடம் அன்பாகப் பேசிப் படங்களின் பிரதியை வாங்கினார். யார் எடுத்தது, எங்கே, எப்போது என்று கேட்டு எழுதி வைத்தார். என்றாவது ஒருநாள் விசாரணை நடக்கும், அன்று இது சாட்சியாகும் என்று ஒரு கோப்பு உருவானது. பெருமையோடு படம் காட்டுகிறவன் முன்னால் முகம் மாறாமல் உட்கார்ந்து, "இவர் யார்? இது எந்த ஊர்?" என்று கேட்க எப்படிப்பட்ட மனம் வேண்டும்!

1942 ஆகஸ்ட் 31 அன்று ஹாரோ கைதானார். லிபெர்டாஸ் பதறிப்போய் நண்பர்களை எச்சரித்தார், ஆவணங்களை அப்புறப்படுத்தினார். படக் கோப்பும் அதோடு போயிற்று. சில நாளில் ரயிலில் வைத்து அவரையும் பிடித்தார்கள். கெஸ்டபோ தலைமையகத்தில் அவருக்கு ஒரு தோழி கிடைத்தாள். அங்கே வேலை பார்த்த தட்டச்சர் அவள். அனுதாபமாகப் பேசினாள், வெளியே சேதி கொண்டுபோகிறேன் என்றாள். தனியறையில் தவித்துக்கொண்டிருந்த லிபெர்டாஸ் அவளை நம்பி மனம்விட்டுப் பேசினார். பேசியதெல்லாம் விசாரணை அதிகாரியின் மேஜைக்குப் போனது. அதனால் இன்னும் பலர் மாட்டினார்கள். இறப்பதற்கு முன் தாய்க்கு எழுதிய கடிதத்தில் லிபெர்டாஸ் அந்தப் பெண்ணின் பெயரைச் சொல்லி, முழுதாக நம்பியவள் தன்னைக் காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று எழுதினார். தன் உயிரைக் காத்துக்கொள்ளத் தானும் நண்பர்களைக் காட்டிக்கொடுத்ததாக அதே கடிதத்தில் ஒப்புக்கொண்டார். 1942 டிசம்பர் 22 அன்று பெர்லினின் ப்ளோட்சென்ஸே சிறையில் அவர் தலை வெட்டப்பட்டது. வயது 29.

இந்த இரண்டு பெண்களையும் நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். ஒருத்தி அலுவலக மேஜையை அரசுக்கு எதிரான சாட்சியாக மாற்றினாள். இன்னொருத்தி அதே மாதிரியான மேஜையை அரசின் கண்ணியாக மாற்றினாள். இருவரும் செய்தது கேட்பது, நம்பிக்கை பெறுவது, குறித்துக்கொள்வது. வேலை ஒன்றேதான். நல்ல உளவு நாவல் என்றால் அந்தத் தட்டச்சருக்கும் ஓர் அத்தியாயம் இருக்க வேண்டும், அரக்கியாகக் காட்டாமல். அவள் மாலையில் டிராமில் ஏறி வீட்டுக்குப் போயிருப்பாள், யாருக்கோ சமைத்திருப்பாள். அப்படி எழுதினால்தான் அவள் செய்தது எவ்வளவு கொடியது என்பது உறைக்கும்.

லிபெர்டாஸ் பேசிவிட்டார் என்பதற்காக அவரைக் கோழை என்று எழுதியவர்கள் உண்டு. எனக்கு அது அநியாயமாகப் படுகிறது. பயப்படுகிறவளை நம் புனைவு ஏன் மன்னிக்க மறுக்கிறது? இதற்குப் பெரிய உதாரணம் எலிசே ஹாம்பெல். பெர்லினின் வெட்டிங் பகுதியில் தொழிலாளியான ஓட்டோவின் மனைவி, வீட்டு வேலை செய்து பிழைத்தவர், நாஜிப் பெண்கள் அமைப்பில் பொறுப்பிலும் இருந்தவர். 1940-இல் அவர் தம்பி பிரான்சில் போரில் செத்தான். அதன் பிறகு கணவனும் மனைவியும் ஹிட்லருக்கு எதிராக அஞ்சலட்டைகள் எழுதி, மாடிப்படிகளிலும் தபால் பெட்டிகளிலும் போட்டுவிட்டு வந்தார்கள். கை எழுத்தில், எழுத்துப் பிழைகளோடு, 200-க்கு மேல். கண்டெடுத்தவர்களில் பெரும்பாலோர் உடனே போலீசிடம் கொடுத்துவிட்டார்கள். இரண்டு ஆண்டு தேடி 1942-இல் பிடித்தார்கள். 1943 ஏப்ரல் 8 அன்று இருவரும் கொல்லப்பட்டார்கள்.

போர் முடிந்த பின் கவிஞர் யோஹானஸ் பெஹர் இவர்களைப் பற்றிய கெஸ்டபோ கோப்பை நாவலாசிரியர் ஹான்ஸ் ஃபல்லாடாவிடம் கொடுத்தார். உடல் நலிந்திருந்த ஃபல்லாடா 1946 இலையுதிர்காலத்தில் ஒரு மாதத்துக்குள் பெரிய நாவலை எழுதி முடித்தார். அச்சாவதற்கு முன்பே 1947 பிப்ரவரியில் இறந்துபோனார். "ஒவ்வொருவரும் தனியாகவே சாகிறார்கள்" என்ற அந்த நாவலில் செத்த தம்பி, ஒரே மகனாக மாறுகிறான். அது சரியான மாற்றம், தாயின் கையில் அஞ்சலட்டை இன்னும் கனக்கிறது. ஆனால் கடைசியில் நாவலின் தம்பதியர் ஒருவருக்கொருவர் அசையாமல் நிற்கிறார்கள். நிஜத்தில் அப்படி இல்லை. மரண தண்டனைக்குப் பிறகு எழுதிய கருணை மனுக்களில் ஓட்டோவும் எலிசேயும் ஒருவர்மேல் ஒருவர் பழி போட்டார்கள். ஃபல்லாடாவுக்குக் கிடைத்த தாள்களில் அந்தப் பகுதி இல்லை. கிடைத்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று நான் நிறைய யோசித்திருக்கிறேன். நாவலை நேசிக்கிறேன். ஆனாலும் எனக்கு அந்த நிஜ எலிசேதான் வேண்டும். இரண்டு ஆண்டு துணிந்து அட்டை போட்டவர், வெட்டும் கருவியின் நிழலில் உடைந்து, "அவர்தான் செய்தார், என்னை விடுங்கள்" என்றவர். அந்தக் கடைசி வாரங்கள் முந்தைய இரண்டு ஆண்டுகளை அழித்துவிடுமா? அழிக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மில்ட்ரெட்டின் முடிவும் ஒரு தாளில் எழுதப்பட்டது. முதலில் அவருக்கு விதித்தது ஆறு ஆண்டுச் சிறை. ஹிட்லர் அந்தத் தீர்ப்பை ஏற்க மறுத்து மறுவிசாரணைக்கு அனுப்பினார். இரண்டாம் முறை மரண தண்டனை வந்தது. 1943 பிப்ரவரி 16, சிறையறையில் கடைசி மணி நேரங்களில் அவர் ஜெர்மன் கவிஞர் கெதேயின் கவிதையை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தார். சிறைப் பாதிரியார் ஹரால்ட் போயெல்ஹாவ் அதை வெளியே கொண்டுவந்தார். இதே வட்டத்தைச் சேர்ந்த ஹில்டே கோப்பி சிறையிலேயே மகனைப் பெற்றார், எட்டு மாதம் அவனுக்குப் பாலூட்டவிட்டு 1943 ஆகஸ்ட் 5 அன்று கொல்ல அழைத்துப் போனார்கள். அவர் செய்த "குற்றங்களில்" ஒன்று, மாஸ்கோ வானொலியில் வாசித்த ஜெர்மன் போர்க் கைதிகளின் பெயர்களைக் குறித்து, உங்கள் பிள்ளை உயிரோடு இருக்கிறான் என்று அவர்கள் வீடுகளுக்கு எழுதியது. மரியா டெர்வீல் சிறைக்குள் சக கைதிகளுக்குக் கருணை மனு எழுதிக் கொடுத்துவிட்டு அதே நாளில் போனார். சுவரொட்டி ஒட்டியதற்காகப் பிடிபட்ட லியானே பெர்கோவிட்ஸும் அதே நாளில், இருபதாவது பிறந்த நாளுக்கு இரண்டு நாள் முன்னால். அவரும் சிறையில் குழந்தை பெற்றவர். அந்தக் குழந்தையும் சில மாதத்தில் இறந்தது.

கொன்றதோடு விடவில்லை. மரண தண்டனைக்கு ஆன செலவைக் குடும்பத்திடம் வசூலித்தார்கள். 1944-இல் கொல்லப்பட்ட எழுத்தாளர் எரிஹ் க்னாஃபின் மனைவிக்கு வந்த பில்லில் மொத்தம் 585 மார்க் 74 ஃபெனிக். மரண தண்டனைக் கட்டணம் 300 மார்க், சிறையில் இருந்ததற்கு நாளுக்கு ஒன்றரை மார்க், கடைசி வரியில் இந்தப் பில்லை அனுப்பிய தபால் செலவு 12 ஃபெனிக். தொகைகளை நேர்க்கோட்டில் நிறுத்தப் பொறியில் டேபுலேட்டர் வைக்க வேண்டும், கூட்டலைச் சரிபார்க்க வேண்டும். யாரோ ஒருவர் உட்கார்ந்து அதைச் செய்திருக்கிறார்.

போர் முடிந்த பிறகு நடந்தது எனக்கு இன்னும் வலிக்கிறது. கிரேட்டா குக்ஹோஃப் உயிர் தப்பியவர். இவரும் விஸ்கான்சினில் படித்தவர், மில்ட்ரெட்டின் தோழி. ஹிட்லர் எழுதிய புத்தகத்தின் முழு ஆங்கில மொழிபெயர்ப்புக்கு 1930-களில் உதவியவர், உலகம் அந்த மனிதனை முழுதாகப் படித்துத் தெரிந்துகொள்ளட்டும் என்று. கணவர் ஆடம் கொல்லப்பட்டார். கிரேட்டாவின் மரண தண்டனை பத்தாண்டுச் சிறையாக மாறியது, 1945 மே மாதம் விடுதலையானார். வெளியே வந்ததும் உயிர் பிழைத்த அடோல்ஃப் கிரிம்மே, குந்தர் வைசன்போர்ன் ஆகியோரோடு சேர்ந்து, தங்களை வேட்டையாடிய ராணுவ வழக்கறிஞர் மான்ஃப்ரெட் ரோடர்மீது புகார் கொடுத்தார். ரோடர் என்ன செய்தார் தெரியுமா? அமெரிக்க ராணுவ உளவுத்துறையிடம் போய், இவர்கள் சோவியத் உளவாளிகள், வலை இன்னும் உயிரோடு இருக்கிறது என்றார். பனிப்போர் தொடங்கிய நேரம், அந்தப் பேச்சுக்கு மதிப்பு இருந்தது. 1951-இல் மேற்கு ஜெர்மனியில் வழக்கு கைவிடப்பட்டது. 1971-இல் இறக்கும்வரை ரோடருக்கு ஒரு நாள் தண்டனை இல்லை. கிழக்கு ஜெர்மனியில் இவர்களை மாஸ்கோவின் வீரத் தூதர்களாக்கிச் சிலை வைத்தார்கள், அதுவும் உண்மையைப் பாதி மறைத்தது. போர்த் துரோகத் தீர்ப்புகளை ஜெர்மன் நாடாளுமன்றம் ஒட்டுமொத்தமாக ரத்து செய்தது 2009-இல்தான்.

உளவாளி என்ற சொல்லை அந்தப் பெண்கள்மேல் ஒட்டியவர் ரோடர். அவர்களை அப்படியே கவர்ச்சியான உளவாளிகளாக்கி எழுதும் ஒவ்வொரு நாவலும் தெரியாமலே அவருடைய குற்றப்பத்திரிகையிலிருந்து நகல் எடுக்கிறது. மரியா பிரசங்கத்தை நகலெடுத்ததும் ஹில்டே தாய்மார்களுக்குக் கடிதம் எழுதியதும் உளவு இல்லை. ஆர்விட்டும் ஹாரோவும் தகவல் அனுப்பினார்கள், அது உளவுதான், அதில் எனக்கு மறைக்க ஒன்றுமில்லை. இந்த இரண்டும் ஒரே வீட்டில், ஒரே சாப்பாட்டு மேஜையில் கலந்து கிடந்தன. அந்தக் கலவையை எழுதத் துணிகிற நாவலைத்தான் தேடிக்கொண்டிருக்கிறேன்.

கிரேட்டாவை வைத்து அப்படி ஒன்று எழுதலாம். பாராசூட் வேண்டாம். 1945-இல் தொடங்கட்டும். சிறையிலிருந்து ஒரு பெண் இடிந்த பெர்லினுக்கு வருகிறாள். நண்பர்கள் யாரும் இல்லை. தன்னைக் கொல்லச் சொல்லி வாதாடியவன் உயிரோடு இருக்கிறான், புதிய எஜமானர்களுக்குத் தகவல் விற்கிறான். இவள் சாட்சி சேகரிக்கிறாள், அலுவலகம் அலுவலகமாக ஏறி இறங்குகிறாள், மனு எழுதுகிறாள். எதிரே உட்கார்ந்திருக்கும் அதிகாரி அவளிடம் முதலில் கேட்பது, நீ ரஷ்யர்களுக்கு வேலை செய்தாயா என்பதுதான். தமிழில் யாராவது இதை எழுதினாலும் சரி, எழுதி அனுப்புங்கள், மெய்ப்புத் திருத்தித் தர நான் இருக்கிறேன்.